வார இறுதியில் ஓட்டி மகிழ

பிரிட்டோ செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். அரசாங்கப் படிவத்தில் உண்மையை எழுதிவிட்டான்.

அதற்கு அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் அவனுக்கு ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை. எந்த இயந்திரத்தை எப்போது கழுவினோம், யார் கழுவினார், கழுவிய தண்ணீர் எங்கே போனது என்று ஒன்று விடாமல் எழுதியே பழகிய கை. எழுதாத வேலை செய்யாத வேலை என்பது அங்கே சட்டம். அந்தக் கையோடுதான் அவன் கார் பதிவுக்கும் போனான். வேறு கையோடு போயிருந்தால் இந்தக் கதை இல்லை.

பிரிட்டோவுக்கு நாற்பது வயது. மனைவி ஜோஸ்பின் கிருமாம்பாக்கத்தில் தையல் யூனிட் ஒன்றில் வேலை பார்க்கிறாள். வீடு கரிக்கலாம்பாக்கத்தில். குழந்தை இல்லை. டாக்டர்களும் நேர்ச்சைகளும் கைவிட்ட பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஊர் நிறுத்தவில்லை.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. பந்தயம் கிந்தயம் எல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜோஸ்பினை உட்கார வைத்து, பாகூர் ஏரிக்கரை வழியாக ஒரு சுற்றுச் சுற்றி, எங்கேயாவது டீ குடித்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். இருவரும் பணம் சேர்த்து வைத்திருந்தது மனை வாங்க, ஒரு ப்ளாட்டுக்கு.

"ப்ளாட்டுன்னா நாளைக்கு நமக்குக் கஞ்சி ஊத்தும். காரு ஊத்துமா?" என்று ஜோஸ்பின் கேட்டாள். அவள் கேட்டது நியாயம். "சரி, சும்மா பாத்துட்டாவது வரலாம், வா" என்றான் பிரிட்டோ.

முதலில் மதகடிப்பட்டில் பழைய கார் விற்கும் சேவியரிடம் போனார்கள். சேவியர் ஒரு சிவப்புக் காரைக் காட்டினான். எல்லாரும் வைத்திருக்கும் குடும்பக் கார்தான். பின்னால் ஒரு ரெக்கையும், பக்கவாட்டில் தீ எரிகிற ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது. "ஒரிஜினல் ஸ்போர்ட்ஸ்பா. சைலன்சர் சத்தம் கேளு, வில்லியனூருக்கே கேக்கும்" என்றான். பிரிட்டோ கதவு இடுக்குகளை விரல் வைத்துப் பார்த்தான். ஒரு பக்கம் விரல் போனது, மறுபக்கம் போகவில்லை. எங்கேயோ நன்றாக வாங்கிய அடி. வேண்டாம் என்றுவிட்டான்.

இரண்டாவது வண்டி கடலூர் ரோட்டில் ஒரு ஷெட்டில் இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஜோஸ்பின் குனிந்து வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே கையால் சாண் வைத்துப் பார்த்தாள். முழுச் சாண்கூட இல்லை. "நம்ம தெரு முனை ஸ்பீட் பிரேக்கர்ல ஏறுனா அங்கயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்" என்றாள். சரியான கணிப்பு. எங்கள் ஊர் வேகத்தடைகள் வேகத்தை மட்டும் தடுப்பதில்லை.

மூன்றாவதுதான் அந்த நீல வண்டி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர், ஊரில் சொல்தா என்று சொல்வார்களே, அவர் மகளோடு பிரான்சுக்கே போய்விடுவதால் விற்கிறார். இரண்டே இருக்கை. கழற்றி வைக்கக்கூடிய கூரை. எஞ்சின் சாதாரணக் குடும்பக் காருடையது, உதிரி பாகம் விழுப்புரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பிரிட்டோ விடியற்காலையில் போய் எஞ்சின் ஆறியிருக்கும்போதே கிளப்பச் சொன்னான். ஒரே சாவியில் கிளம்பியது. புகை இல்லை. கால் மிதியடியைத் தூக்கிப் பார்த்தான், துரு இல்லை. பழைய கார்தான், விலையும் அதற்கேற்ற விலை. வயிறும் சாணுக்கு மேல் இருந்தது.

ஜோஸ்பின் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றும் இல்லை, கண்ணாடிதான்.

"ரெண்டு பேருக்குத்தான் செஞ்சிருக்கான்" என்றாள். அவர்கள் வீட்டுக்கு வருகிற எவரும் காலி இடத்தைத்தான் பார்ப்பார்கள். இதில் காலி இடமே இல்லை. "ப்ளாட்டு எங்க ஓடிடப் போவுது. வாங்கிடுங்க" என்றாள்.

ஒரே ஒரு சிக்கல். காரின் பதிவு அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் ஆய்வு முடித்து மறுபதிவு செய்து பெயர் மாற்ற வேண்டும். தவறினால் சட்டப்படி அது கார் இல்லை, கழிவு இரும்பு. "ஒரு மாசம் இருக்கே, ஒரு நா வேலைதான்" என்று, விசாரித்தபோது சேவியர் சொன்னான். சேவியர் சொன்னதில் தப்பில்லை. அவனிடம் வண்டி வாங்கியவர்கள் யாரும் உண்மையை எழுதியவர்கள் இல்லை.

மறுபதிவு ஆய்வுக் கிளை வில்லியனூர் போகும் வழியில், முன்பு நெல் கிடங்காக இருந்த கட்டடத்தில் இயங்கியது. நெல் போய்விட்டது, எடை போடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஆய்வாளர் புகழ்வேந்தன் படிவத்தை மேலிருந்து கீழாகப் படித்து வந்தவர் ஒரு வரியில் நின்றார். பயன்பாட்டின் நோக்கம் என்ற இடத்தில் உலகத்தில் உள்ள அத்தனை பேரும் 'சொந்த உபயோகம்' என்று எழுதுவார்கள். பிரிட்டோ எழுதியிருந்தான்: 'வார இறுதியில் சாலையில் ஓட்டி மகிழ.'

புகழ்வேந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இன்னாய்யா இது?"

"அதுக்குத்தான் சார் வாங்கனன்."

"மகிழ்ச்சின்னு எழுதியிருக்கியே. அப்ப மகிழ்ச்சி வருதான்னு நாங்க செக் பண்ணணும் இல்ல? பிரேக்குன்னு எழுதுனா பிரேக்கப் பாக்கறோம். ஹார்னுன்னா ஹார்னப் பாக்கறோம். எழுதறதுக்கு முன்னாடி யோசிக்க வேணாம்?"

"அடிச்சிட்டு வேற எழுதட்டா சார்?"

"அடிச்சா அது போர்ஜரி."

பிறகு அவர் காரைச் சுற்றி வந்தார். பின் கதவைத் தேடினார். பின் கதவு இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பின் சீட்டு எங்க?"

"இல்ல சார். கம்பெனியே வெக்கல."

"அப்ப பிள்ளைங்க எங்க உக்காரும்?"

"பிள்ளைங்க இல்ல சார்" என்றான் பிரிட்டோ. ஜோஸ்பின் தரையைப் பார்த்தாள்.

ஆய்வாளர் இதைக் காதில் வாங்கி, அனுதாபத்தோடு தலையை ஆட்டி, குழந்தை இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் கேட்டார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. சீட் இருந்தால் பெல்ட் கேட்டிருப்பார்; இல்லாததால் காரணம் கேட்டார். தாலுக்கா ஆபீசில் பிறந்ததற்குச் சான்று தருவோம், இறந்ததற்குத் தருவோம், பிறக்காததற்கு எப்படித் தருவது என்று நியாயமாகத்தான் கேட்டார்கள். கடைசியில், 'எதிர்காலத்தில் பிறந்தால் வண்டியைத் திருப்பி ஒப்படைக்கிறேன்' என்று ஜோஸ்பின் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு விண்ணப்பம் ஏற்கப்பட்டது. வெளியே வந்து அவள் வேப்பமரத்தடியில் நின்று அழுதாள். பிரிட்டோவுக்கு அந்தக் கிடங்கையே கொளுத்த வேண்டும் போல் இருந்தது. "வண்டிய விட்டுடலாமா?" என்றான்.

"விட்டா அந்த ஆளு ஜெயிச்சிடுவான்" என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

ஆய்வு ஆணை மறுநாள் வந்தது. அதன் சாரம் இது. நோக்கம் வார இறுதி என்பதால் சோதனை சனி ஞாயிறுகளில் மட்டுமே நடத்தப்படும். சோதனை முடியும் வரை வண்டி கிளையின் பாதுகாப்பில் இருக்கும். அதிகாரி ஓட்டுவார். விண்ணப்பதாரர் தன் சொந்த வாகனத்தில் பின்தொடர்ந்து வர வேண்டும். எரிபொருள் விண்ணப்பதாரரைச் சேர்ந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை புகழ்வேந்தன் கூலிங்கிளாஸ் போட்டு வந்தார். பக்கத்து இருக்கையில் அவர் மனைவி செல்வகுமாரி, தலை நிறையப் பூவோடு. "இவங்க சாட்சி" என்றார். பிரிட்டோ தன் பைக்கில் பின்னால் போனான்.

அந்தப் பயணம் அவன் வாழ்வில் மறக்க முடியாதது. ஒவ்வொரு வேகத்தடை வரும்போதும் மெதுவா, மெதுவா என்று ஹெல்மெட்டுக்குள் கத்தினான். புகழ்வேந்தனுக்கு வேகத்தடை என்றால் தாண்ட வேண்டிய பொருள். வண்டி எழும்பி விழும். செல்வகுமாரி சிரிக்கிற சத்தம் காற்றில் வரும். கீழே இரும்பு உரசும் சத்தம் பிரிட்டோவுக்கு மட்டும் கேட்கும். கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் கை காட்டினார்கள். காரில் இருந்தவர்களுக்குத்தான்.

பாகூரைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரம் போனால் ஒரு சங்கதி உண்டு. எங்கள் பகுதியில் புதுச்சேரி ஒரே துண்டாக இருக்காது. ரோடு போய்க்கொண்டே இருக்கும், நடுவில் தமிழ்நாடு வந்து உட்கார்ந்திருக்கும், கொஞ்சம் போனால் மறுபடி புதுச்சேரி. பஸ்காரன் இதை நினைப்பதே இல்லை. மாடுகளும் நினைப்பதில்லை. எல்லைப் போர்டுக்கு முன்னால் புகழ்வேந்தன் பிரேக் போட்டு எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து சாவியைப் பிரிட்டோவின் கையில் வைத்தார்.

"இந்தா, வச்சிக்க. இந்தப் போர்ட தாண்டுனா எனக்கு அதிகாரம் இல்ல. அங்க நான் யாரோ, நீ யாரோ. அங்க நான் இதுல உக்காந்தா அது ஊரு சுத்தறது ஆயிடும். இங்க உக்காந்தா டூட்டி."

"அப்ப வண்டி சார்?"

"தள்ளிட்டு வா. அந்தாண்ட போர்டுல வாங்கிக்கறன்."

சொல்லிவிட்டு அவர் பிரிட்டோவின் பைக்கை எடுத்துக்கொண்டு மனைவியோடு முன்னால் போனார். பிரிட்டோ காரை ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளால் தள்ளினான். இரண்டு பக்கமும் கரும்பு. நல்ல தார் ரோடு, ஒரு வேகத்தடைகூட இல்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. சாவி பாக்கெட்டில் தொடையைக் குத்திக்கொண்டே வந்தது. அதைப் போட்டு ஓட்டலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மாத்திரைக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் இருந்தவனுக்கு அப்படியெல்லாம் தோன்றாது.

புகழ்வேந்தனின் அறிக்கை திங்களன்று கோப்பில் ஏறியது. 'மகிழ்ச்சி தென்பட்டது. சாட்சிக்கு முழுமையாகவும், எனக்குப் பாதியளவும் ஏற்பட்டது. நடுவில் வண்டியை விட்டு இறங்க நேர்ந்ததால் தொடர்ச்சி கெட்டது. மேலதிகாரிக்கும் மகிழ்ச்சி ஏற்படுகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.'

மேலதிகாரி அரங்கநாதன் ஓய்வு பெறப் போகிற வயதுக்காரர், சாந்தமான முகம். பிரிட்டோ அவரைப் போய்ப் பார்த்து, மாதம் ஓடுகிறது, பதிவு முடியப் போகிறது என்று கெஞ்சினான். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு பேசினார்.

"தம்பி, ஜனங்க எங்களத் தப்பா நினைக்கறாங்க. ஒருத்தன் சந்தோஷமா இருக்கறத நாங்க தடுக்கறதே கிடையாது. முதல்ல நாங்க அனுபவிச்சுப் பாப்போம். அதுல ஆபத்து ஒண்ணுமில்லன்னு எங்களுக்கு மனசு திருப்தி ஆவணும். மிச்சம் இருந்தா பொதுமக்களுக்கு விட்டுடுவோம். இத்தன வருஷ சர்வீஸ்ல நான் ஒரு பைசா கை நீட்டனது இல்ல. எல்லாத்தையும் பொருளாத்தான் பாத்திருக்கேன்."

இரண்டாவது வாரம் அவர் தன் மைத்துனனோடு கிளம்பினார். கூரையைக் கழற்றி கிடங்கிலேயே வைத்துவிட்டு, காற்று வாங்கிக்கொண்டு போனார்கள். அறுவடைக் காலம். ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டு, ஓரத்தில் கல் வரிசை வைத்திருந்தார்கள். அரங்கநாதனிடம், நெல்லின் மேல் ஓட்டினால் மெத்தை போல் இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏறினார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர், இரண்டு டிரெயிலரோடு, ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. பின்னால் வந்த பிரிட்டோ கண்ணை மூடிக்கொண்டான். "மாதாவே!" என்று அவன் கத்தியது அவன் காதுக்கே யாரோ கத்தியது போல் இருந்தது. கண்ணைத் திறந்தபோது கார் வாய்க்கால் கரையில் ஒரு சக்கரம் தொங்க நின்றது. டிராக்டர்காரன் திட்டிக்கொண்டே கரும்புக் கழியால் பள்ளத்தை அளந்து பார்த்துவிட்டு, கயிறு கட்டி இழுத்துக் கொடுத்தான். நெல் காயப்போட்ட பெண்மணி, காரின் உரிமையாளன் யார் என்று கேட்டாள். அரங்கநாதன் பிரிட்டோவைக் கை காட்டினார். அந்தம்மாள் கேட்ட கேள்விகளுக்கும் விட்ட சாபங்களுக்கும் அவன்தான் நின்று பதில் சொன்னான்.

'திகில் காரணமாக மகிழ்ச்சியை அளவிட இயலவில்லை' என்று அறிக்கை வந்தது.

மூன்றாவது வாரம் கிளையில் நேர்மை விழா. அந்த நீலக் காருக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் தடவி, பந்தலில் நிறுத்தினார்கள். 'மக்களின் மகிழ்ச்சியே எங்கள் ஆய்வு' என்று அதன் மேல் பேனர். ஊழியர்கள் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஹார்னை அடித்து அடித்து மாலைக்குள் அதன் தொண்டை கட்டிவிட்டது. விண்ணப்பதாரர் என்ற முறையில் பிரிட்டோவுக்கும் ஜோஸ்பினுக்கும் சால்வை போர்த்தினார்கள். காரில் உட்கார்ந்து படம் எடுக்கலாமா என்று ஜோஸ்பின் கேட்டாள்.

"பொதுமக்கள் தொடக்கூடாதும்மா. ஆய்வுல இருக்குது" என்றார் புகழ்வேந்தன், மிக மரியாதையாக.

அன்று வீட்டில் இருவரும் சாப்பிடவில்லை. "ப்ளாட்டும் போச்சி" என்றாள் ஜோஸ்பின். அதற்கு மேல் சொன்னால் அவன் தாங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பிரிட்டோ சால்வையை மடித்தான், பிரித்தான், மடித்தான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றோடு பதிவு முடிகிறது. கூட்டு ஆய்வு என்று சொல்லி அரங்கநாதனும் புகழ்வேந்தனும் சாயங்காலம்தான் கிளம்பினார்கள், வெயில் தாழட்டும் என்று. பைக்கில் பின் இருக்கையில் ஜோஸ்பினும் வந்தாள். வர வேண்டாம் என்று பிரிட்டோ சொல்லிப் பார்த்தான். "அது எப்படிப் போவுதுன்னு ஒரு தடவையாவது பாக்கறன்" என்றாள்.

ஏரிக்கரையில் கார் முன்னால் போனது. வண்டியின் இடது பக்கம் முழுக்க வாய்க்கால் கீறல். ஒரு கண்ணாடி இல்லை. ஆனாலும் எஞ்சின் சத்தம் கெடவில்லை, வளைவில் படுத்து எழுந்து போகிற அழகும் கெடவில்லை. "நல்லாத்தான் போவுது" என்றாள் ஜோஸ்பின் அவன் முதுகில். பிரிட்டோவுக்கு முன்னால் இருந்த ரோடு கலங்கித் தெரிந்தது.

எல்லைப் போர்டு வந்தது. கார் நின்றது. அரங்கநாதன் கோப்பை இடுக்கிக்கொண்டு இறங்கி, வழக்கம்போல் சாவியைப் பிரிட்டோவிடம் கொடுத்தார். பிரிட்டோ கையைக் கூப்பினான்.

"சார், இன்னிக்கி ராத்திரியோட முடியுது சார். ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

அரங்கநாதன் வானத்தைப் பார்த்தார். "மனசாட்சிப்படி சொல்றன் தம்பி. எனக்கு முழு மகிழ்ச்சி இன்னும் வரல. வராம வந்துச்சின்னு எழுதுனா அது பொய். நான் பொய் எழுத மாட்டன்."

"அப்ப வண்டி?"

"நாளையிலேர்ந்து கழிவு இரும்பு. கழிவ ரோட்டுல விட முடியாதில்ல? எங்க கிடங்குலயே இருக்கட்டும். சனி ஞாயிறு நாங்க எடுத்து ஓட்டிப் பாத்து, இரும்பாத்தான் இருக்குதான்னு கவனிச்சிக்கறோம். நீ கவலப்படாத."

புகழ்வேந்தன் பிரிட்டோவின் பைக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்துப் போர்டுக்குப் போய்விட்டார். அரங்கநாதனுக்கு போன் வந்தது. பேசி முடித்து நடந்து வருவதாகச் சொல்லி இந்தப் போர்டடியிலேயே நின்றார். பிரிட்டோ கதவைத் திறந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் தோளைக் கொடுத்தான். ஜோஸ்பின் பின்னால் போய் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். கார் போர்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது.

கரும்புக் கொல்லையின் நடுவே ரோடு நேராகக் கிடந்தது. வெயில் மஞ்சளாகிவிட்டது. ஒரு ஈ காக்கை இல்லை. கொஞ்ச தூரம் தள்ளியதும் கனம் கூடினாற்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஜோஸ்பின் தள்ளவில்லை, கூடவே நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்குங்க தள்றோம்?"

"அவுரு இங்க ஓட்டக்கூடாது."

"அவுரு ஓட்டக்கூடாது. சரி."

பிரிட்டோ நின்றான். கார் தானாக இரண்டடி உருண்டு நின்றது.

"சாவி யாராண்ட இருக்குது?" என்று கேட்டாள் ஜோஸ்பின்.

அவன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். லைசென்ஸ் இருக்கிறது. பதிவு நள்ளிரவு வரை இருக்கிறது. வண்டி காசு கொடுத்து வாங்கிய வண்டி. அவனைத் தடுத்தது ஆய்வு ஆணை ஒன்றுதான், ஆணை போர்டோடு முடிந்துவிட்டது. முன்னால் வந்தபோதெல்லாம் இதே ரோட்டில் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மாடு போல் தள்ளியிருக்கிறான். அவனுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"ஏறு" என்றான்.

ஒரே சாவியில் கிளம்பியது. எஞ்சின் சத்தம் கேட்டு அரங்கநாதன் போனைக் காதிலிருந்து எடுத்தார். பிரிட்டோ முதல் கியர் போட்டான், இரண்டு போட்டான், மூன்று போட்டான். காற்று வந்து ஜோஸ்பின் முடியைப் பிரித்துப் போட்டது. அவள் கட்டவில்லை. மேற்குப் போர்டில் புகழ்வேந்தன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றார். பிரிட்டோ போர்டுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தித் திருப்பினான்.

"யோவ்! எறங்குய்யா! ஆய்வுல இருக்கற வண்டி!" என்று அவர் கத்தினார். பிரிட்டோவின் பைக்கில் ஏறி உட்கார்ந்தார், ஆனால் முன் சக்கரத்தைப் போர்டுக்கு இந்தப் பக்கம் விடவில்லை. விட்டால் அவர் யாரோ.

கிழக்குப் போர்டில் அரங்கநாதன் செருப்பு நுனி எல்லைக்கு வெளியே போகாமல் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சாந்தமான முகம் சாந்தமாக இல்லை.

"தம்பி! சட்ட விரோதம் இது! மரியாதையா சாவியக் குடு!"

"சார்" என்றான் பிரிட்டோ. "இங்க நீங்க யாரோ, நான் யாரோ சார்."

திருப்பினான். மறுபடி மேற்கு. மறுபடி கிழக்கு. ஜோஸ்பின் முதலில் கதவுப் பிடியை இறுகப் பிடித்திருந்தாள். பிறகு விட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. எங்கே போயிருந்தது என்று பிரிட்டோ தேடாத நாள் இல்லை. அவனுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் சேர்த்து ஓட்டினான். கரும்பு வெட்டிவிட்டு வந்த இரண்டு பெண்கள் ஓரத்தில் நின்று பார்த்துக் கை காட்டினார்கள். இந்த முறை பிரிட்டோவுக்கும் ஜோஸ்பினுக்கும்தான்.

அடுத்த முறை கிழக்குப் போர்டுக்கு வந்தபோது அரங்கநாதன் கோப்பைத் திறந்து வைத்திருந்தார். கடமை தவறாத மனிதர். எழுதியதை எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றே உரக்கப் படித்தார்.

"'விண்ணப்பதாரருக்கும் துணைவியாருக்கும் முழு மகிழ்ச்சி கண்ணால் காணப்பட்டது. எனினும் அது கிளையின் எல்லைக்கு வெளியே ஏற்பட்டதால் கணக்கில் எடுக்க இயலாது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' கேட்டுச்சா? கேட்டுச்சாம்மா? நாளைக்கு இது வெறும் இரும்பு! தெரிஞ்சிக்க!"

பிரிட்டோவின் கால் பிரேக்கில் இருந்தது. பெட்ரோல் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. ரோடும் இருட்டத் தொடங்கியிருந்தது. ஜோஸ்பின் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தாள்.

"நாளைக்குத்தான சார் இரும்பு" என்றாள். "இன்னிக்கி காரு."

பிறகு பிரிட்டோவின் பக்கம் திரும்பினாள்.

"திருப்புங்க."

அவன் திருப்பினான்.